உரியவர் கவனிக்கவும்

ஏதாவது ஒன்று கெட்டுப்போன இடத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து சேருகிற மனித இனம் ஒன்று உண்டு. உதவிக்கு வருகிறவர்கள் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். கையில் ஒரு காகிதத்தோடு வருவார்கள். அந்தக் காகிதத்தில், இது இப்படிக் கெட்டுப்போகும் என்று அவர்கள் முன்கூட்டியே எழுதித் தெரிவித்திருப்பார்கள். தேதி இருக்கும். கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கும். "நான் அப்பவே சொன்னேனே" என்பார்கள், துக்கத்தை அடக்கிக்கொண்ட முகத்தோடு. அடக்கப்படுவது துக்கம்தானா என்று மட்டும் உற்றுப் பார்க்காதீர்கள்.

அப்பவே சொன்னவர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். ஆனால் நல்ல ஈரமும் நிழலும் உள்ள இடத்தில்தானே காளான் செழிக்கும்? இந்த இனம் செழிக்க வானொலி, தொலைக்காட்சி நிலையங்களை விடப் பொருத்தமான இடம் இல்லை. காற்றில் ஒரு பாட்டை விட வேண்டுமென்றால் அதற்கு முன்னால் எத்தனை விதி, எத்தனை திருத்தம், திருத்தத்துக்கு எத்தனை விளக்கம்! விளம்பரத்தின் சத்தம் நிகழ்ச்சியின் சத்தத்தை மிஞ்சக் கூடாது. கோபுரத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அவசரகாலச் சங்கொலியை மாதம் ஒரு முறை ஊதிப் பார்க்க வேண்டும். ஊதியதை எழுதி வைக்க வேண்டும். எழுதி வைத்ததைத் தெரிவிக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒலிபரப்பு ஆணையம் வாரந்தோறும் அனுப்பிக்கொண்டே இருக்கும். நிலையத்தில் ஒருவர் அதை வாங்கிக்கொண்டே இருப்பார்.

நம்மவர் அப்படி வாங்கிக்கொண்டிருந்தவர். பதினோரு பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன வானொலி நிலையத்தில் விதிமுறைப் பொறுப்பாளர். நிலையத்தில் அவருக்கு 'அப்பவே சார்' என்று பெயர். முகத்துக்கு நேரே 'சார்'. அவர் முதுகு திரும்பியதும் முன்னால் அந்த 'அப்பவே' வந்து ஒட்டிக்கொள்ளும்.

அப்பவே சாரின் வாழ்க்கை திங்கட்கிழமையில் தொடங்கி திங்கட்கிழமையில் முடியும். அன்று காலை பத்து மணிக்கு அவருடைய வாராந்திரச் சுற்றறிக்கை வெளிவரும். ஐந்து பக்கம், நெருக்கி அடித்த எழுத்து, நாற்பது விஷயங்களுக்குக் குறையாது. கழிப்பறைக் குழாயை இறுக்கி மூடவும் என்பது எண் மூன்று. நிலையத்தை இழுத்து மூட வேண்டியிருக்கும் என்பது எண் முப்பதுக்கு மேல் எங்காவது இருக்கும். இரண்டும் ஒரே அளவு எழுத்தில், ஒரே குரலில், ஒரே முத்தாய்ப்போடு முடியும்: 'உரியவர் கவனிக்கவும்.'

யார் அந்த உரியவர்? அதை அவர் எழுத மாட்டார். எழுதினால் அந்த ஆள் வந்து ஏதாவது கேட்பான். எப்படிச் செய்வது என்பான், யாரிடம் போவது என்பான். பேச்சு வளரும். உரியவர் என்று போட்டுவிட்டால் பதினோரு பேரும் தன்னைத் தவிர மற்றப் பத்துப் பேரையும் பார்த்துக்கொள்வார்கள். சுற்றறிக்கை நிம்மதியாகச் சுற்றிவிட்டு வீடு திரும்பும்.

சுற்றிவருவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொருவர் பதவிக்கும் எதிரே 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று தானே அச்சடித்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருப்பார். அதை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாக வருவார். "சார், படிச்சிட்டுப் போடறேனே" என்று ஆரம்பத்தில் ஒரு விளம்பரப் பிரிவுப் பையன் சொல்லியிருக்கிறான். அப்பவே சார் அவனைப் பரிதாபமாகப் பார்த்து, "படிக்கறதை எப்ப வேணா படிக்கலாம் தம்பி. கையெழுத்து பதினோரு மணிக்குள்ள வேணும்" என்றார். அதற்குப் பிறகு யாரும் அந்தத் தவறைச் செய்யவில்லை. பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து பக்கங்களின் பின்புறமும் வெள்ளையாக இருந்ததால் பிரதிகள் வீணாகவில்லை. அறிவிப்பாளர் பாட்டு வரிசை எழுதிக்கொள்வார். ஒலிப்பொறியாளர் ஆடுகிற மேஜைக்காலுக்கு மடித்து வைப்பார்.

ஒரு முறை சுற்றறிக்கையின் இருபத்திரண்டாம் எண் வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் சங்கொலிச் சோதனை என்று சொல்லியிருந்தது. படித்துப் புரிந்துகொண்ட மற்றப் பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரியாது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, இதய நோய் நிபுணர் ஒருவர் நேரலையில் உட்கார்ந்து, எதற்கும் பதற்றப்படாமல் இருப்பது எப்படி என்று நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். சங்கு அலறியது. நிபுணர் மேஜைக்கு அடியில் போய்விட்டார். அறிவிப்பாளர் திகைத்துத் திரும்பினால் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பவே சார். சுற்றறிக்கையைக் கண்ணாடியில் ஒட்டப் பிடித்து, ஒரு விரலை இருபத்திரண்டில் வைத்து, மறு விரலால் அறிவிப்பாளரின் கையெழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். சங்கை நிறுத்தும் பொத்தான் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் கை இரண்டுதானே, பாவம்.

வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்பீர்கள். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். குளிர்பெட்டியின் கதவில் ஒரு தாள்: 'மழைக்காலம் நெருங்குகிறது. மாடிக்கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுவதில்லை. உரியவர் கவனிக்கவும்.' கீழே அந்த அம்மாள், 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மழை வந்தது. மாடிக்கதவு திறந்துகொண்டது. மெத்தை நனைந்தது. யார் மீதும் குற்றமில்லை. எல்லாம் முறைப்படி நடந்திருந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஒரு மாதத்தின் பதினைந்தாம் தேதி வந்தது.

மதியம் ஒன்றரை மணி. அறிவிப்பாளர் தான் எழுதிவைத்த பாட்டு வரிசையை முடித்துவிட்டு, மேலே இடம் இருக்கிறதா என்று தாளைத் திருப்பினார். அது இரண்டு மாதத்துக்கு முந்தைய சுற்றறிக்கையின் நாலாம் பக்கம். திருப்பின பக்கத்தில் கண் பட்டுவிட்டது. பட்ட கண் முப்பத்தேழாம் எண்ணில் நின்றுவிட்டது. அந்த நிலையத்தின் சரித்திரத்தில் சுற்றறிக்கையை ஒருவர் படித்தது அதுவே முதல் தடவை.

'உரிமம் புதுப்பிக்கக் கோரும் நிலையங்கள் அதற்கான பொது அறிவிப்பை நான்கு முறை, ஒன்றின் தொடக்கத்துக்கும் அடுத்ததன் தொடக்கத்துக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு, ஒரு சொல் கூடாமல் குறையாமல் நேரலையில் வாசிக்க வேண்டும். நிலையத்தின் விதிமுறைப் பொறுப்பாளரே தம் குரலில் வாசிக்க வேண்டும். வாசித்த விவரம் பதினைந்தாம் தேதி மாலை ஆறு மணிக்குள் ஆணையத்தின் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். தவறினால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். மாத இறுதியோடு ஒலிபரப்பை நிறுத்திவிட வேண்டும். உரியவர் கவனிக்கவும்.'

அறிவிப்பாளர் தாளை எடுத்துக்கொண்டு அப்பவே சாரின் அறைக்கு ஓடினார். அவர் சாப்பிட்ட டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இந்த லைசென்ஸ் அறிவிப்பை வாசிச்சாச்சா?"

"எதும்மா? முப்பத்தேழா? அப்பவே சொல்லியிருக்கேனே. உங்க கையெழுத்துகூட இருக்கு."

"இருக்கு சார். வாசிச்சாச்சான்னு கேக்கறேன்."

"அதை உரியவர் பாத்துக்குவார்."

"உரியவர் யாரு சார்?"

"அதுலயே போட்டிருக்கும், படிச்சுப் பாருங்க."

"விதிமுறைப் பொறுப்பாளர்னு போட்டிருக்கு."

"அப்ப அவரைத்தான் கேக்கணும்."

"அவர்கிட்டதான் சார் இப்பக் கேட்டுட்டிருக்கேன்."

அப்பவே சார் டப்பாவைக் கீழே வைத்தார். எழுந்து கோப்பை எடுத்தார். கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். பதினோரு கட்டம், பதினோரு கையெழுத்து. பதினோராவது கட்டத்தில், 'விதிமுறைப் பொறுப்பாளர்' என்பதற்கு எதிரே, 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்பதன் கீழே, வளைத்துச் சுழித்து அடியில் இரண்டு கோடு இழுத்த அழகான கையெழுத்து அவருடையது.

இந்த இடத்தில் அவருக்கு வேர்த்தது பதினோரு பேரின் பிழைப்பை நினைத்துத்தான் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை அதுவல்ல. முதலில் வழக்கம்போல மனசுக்குள் ஓர் ஆறுதல் வந்தது: நிலையம் மூடப்பட்டால், முப்பத்தேழாம் எண்ணைக் காட்டி, நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லலாம். அடுத்த நொடியில் அந்த ஆறுதலின் அடிப்பலகை கழன்று விழுந்தது. நிலையமே போன பிறகு யாரிடம் போய்ச் சொல்வது? யார் மேஜையில் கோப்பை விரிப்பது? கேட்க ஆள் இல்லாத ஒரு திங்கட்கிழமைக் காலை பத்து மணி அவர் கண் முன்னால் வந்து நின்றது. அதற்குத்தான் வேர்த்தது.

"மணி என்ன?" என்றார்.

"ஒண்ணு நாப்பத்தஞ்சு. இப்ப ஆரம்பிச்சா நாலு தடவை முடியும். வாங்க சார்."

"நானா?"

"பின்ன நானா?"

நிலைய மேலாளர் அம்மாவுக்குச் செய்தி போய், அவர் பாதி வழியில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒலிப்பொறியாளர் ஓடுகிற பாட்டைக் குறுக்கினார். இருபது வருஷமாக அந்தக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று விரலைக் காட்டியவர், ஆணையம் அனுப்பியிருந்த அறிவிப்புத் தாளோடு முதல் முறையாக அதற்கு உள்ளே உட்கார்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பார்வை ஒன்று" என்று ஆரம்பித்தார் அப்பவே சார். "ஆணையத்தின் கடிதம், நாள் இரண்டு. பார்வை இரண்டு, இந்நிலையத்தின் சுற்றறிக்கை, எண் முப்பத்தேழு. மேற்கண்ட பார்வைகளின்படி..." என்று போய், அறிவிப்பையும் வாசித்து, "உரியவர் கவனிக்கவும். கேட்ட நேயர்கள் கேட்டதாகக் கையெழுத்திட்டு அனுப்பவும்" என்று முடித்தார்.

"செல்லாது" என்றார் ஒலிப்பொறியாளர், தலையில் மாட்டியிருந்த காதுக்கருவியைக் கழற்றி. "ஒரு சொல் கூடக் கூடாதுன்னு இருக்கு. நீங்க ஒரு பக்கம் கூட்டிட்டீங்க."

"பார்வை போடாம எப்படி ஆரம்பிக்கறது?"

"வணக்கம்னு கூட வேணாம் சார். தாள்ல இருக்கறது மட்டும்."

இரண்டு மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருந்தபோது மறுபடியும் வாசித்தார். பார்வை இல்லாமல் வாசிப்பது சட்டை இல்லாமல் தெருவில் நடப்பது போல இருந்தது அவருக்கு. ஆனாலும் வாசித்துவிட்டார். கடைசி வரியில் 'உரியவர்' என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்தது. அறிவிப்பாளர் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தார். ஒன்று முடிந்தது.

இரண்டாவது, மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம் முன்னால். அது நன்றாகவே போனது. முடித்து வெளியே வந்தால் தொலைபேசியில் அவர் மனைவி.

"என்னங்க, உங்க குரல் மாதிரி ஒண்ணு ரேடியோல வருது."

"நான்தான்."

"நீங்க எதுக்கு வாசிக்கறீங்க? அங்க வேற ஆள் இல்லையா?"

"உரியவர் நான்தானாம்."

"அப்படீன்னா அந்த மாடிக்கதவுக்கும்..." என்றார் அம்மாள். அப்பவே சார் அவசர வேலை என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மூன்றாவது வாசிப்புக்கு மூன்று ஐம்பத்தெட்டு. மூன்று ஐம்பத்தைந்துக்கு ஆளைக் காணோம். அறிவிப்பாளர் தேடிக்கொண்டு போனால், மாடி அறையில் கணக்காளர் மேஜை முன்னால் நின்றுகொண்டிருக்கிறார். கையில் புதிதாக ஒரு தாள்: 'மூன்றாவது வாசிப்பு சரியாக மூன்று ஐம்பத்தெட்டுக்கு நடைபெறும். உரியவர் தவறாமல் வரவும்.' பதினோரு கட்டத்தில் ஏழு கையெழுத்து வாங்கியாகிவிட்டது.

"சார், வாசிக்க வேண்டியது நீங்க. எங்க கையெழுத்தை வெச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?"

"தெரிவிக்காம எப்படிம்மா ஒண்ணு செய்யறது?"

"செஞ்சுட்டுத் தெரிவிங்க. இன்னிக்கு ஒரு நாள் மாத்திப் பாருங்க."

அறிவிப்பாளர் சொன்னதன் ஆழத்தை அவர் படிக்கட்டில் இறங்கும்போது யோசித்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து மூன்றாவதை வாசித்தார். நான்காவது, ஐந்துக்கு இரண்டு நிமிஷம் முன்னால். அதற்குள் குரல் பழகிவிட்டது. 'நேயர்கள்' என்ற இடத்தில் சற்றுக் குழைந்தது என்றுகூட ஒலிப்பொறியாளர் சொன்னார்.

நான்கு வாசிப்பின் நேரத்தையும் எழுதி, மேலாளர் அம்மா ஒப்பமிட்டு, ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு ஆணையத்துக்கு மின்னஞ்சல் போனது. நம்ப மாட்டீர்கள், ஒரே நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. 'தங்கள் கடிதம் பெறப்பட்டது. உரியவர் பார்வைக்கு அனுப்பப்பட்டுள்ளது.'

"அப்பாடா" என்று மேலாளர் அம்மா நாற்காலியில் சாய்ந்தார். ஒலிப்பொறியாளர் சத்தமாக ஒரு பாட்டைப் போட்டார். விளம்பரப் பிரிவுப் பையன் எல்லோருக்கும் தேநீர் சொன்னான். ஒரே ஒரு முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது.

"என்ன சார், முடிஞ்சுதே" என்றார் அறிவிப்பாளர்.

"முடியலைம்மா" என்றார் அப்பவே சார். தாழ்ந்த குரல். "உரியவர் பார்வைக்கு அனுப்பிட்டாங்க. அப்படீன்னா யாரும் பாக்கப் போறதில்லன்னு அர்த்தம்."

அந்த அறையில் அந்த வாக்கியத்தின் பொருள் அவருக்கு மட்டும்தான் தெரியும். இருபது வருஷம் எழுதியவர் அல்லவா? மணி ஐந்து இருபது. ஆறு மணிக்குள் பதிவேட்டில் ஏற வேண்டும். அப்பவே சார் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, யாருக்கும் எதையும் தெரிவிக்காமல், ஒரு கையெழுத்தும் வாங்காமல், படிக்கட்டில் இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடினார்.

ஆணையத்தின் அலுவலகம் அங்கிருந்து நாலு தெரு தள்ளி. அவர் போய்ச் சேர்ந்தபோது வாசல் கதவில் ஒரு பாதியைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே ஒரே ஒரு ஜன்னலில் விளக்கு. ஜன்னலுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட எழுத்தர் ஒருவர், அன்றைய காகிதங்களைத் தட்டித் தட்டி ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்.

"எங்க நிலையத்து விவரம் பதிவேட்டுல ஏறணும்" என்றார் அப்பவே சார், மேல்மூச்சு வாங்க.

"மின்னஞ்சல் வந்துது சார். பதிலும் போட்டாச்சே."

"பதில் வந்துது. ஏறிச்சா?"

"உரியவருக்கு அனுப்பிட்டோம்."

"உரியவர்னா யாரு?"

எழுத்தர் இந்தக் கேள்வியைத் தம் பணிக்காலத்தில் அதுவரை கேட்டதில்லை. "பதிவெழுத்தர்" என்றார்.

"அவர் எங்க?"

எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். மேஜை மேல் இருந்த பெயர்ப்பலகையை எட்டிப் பார்த்தார். "நான்தான்" என்றார்.

சின்ன வயதில் பிரிந்துபோன அண்ணன் தம்பி போல இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க அப்பவே அனுப்பிட்டீங்க, எனக்குப் புரியுது" என்றார் அப்பவே சார் கடைசியில், ரொம்பக் கனிவாக. "இப்ப அந்த நோட்டைத் திறந்து எழுதுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

"நாளைக்குக் காலையில முதல் வேலையா..."

"இல்ல தம்பி. நான் பாக்க எழுதுங்க."

எழுத்தர் பதிவேட்டை இழுத்தார். எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் நம்மவர். முத்திரை விழுந்தபோது மணி ஐந்து ஐம்பத்தொன்று. ஆறு மணிக்கு நிலையத்திலிருந்து அவர் கைபேசிக்குக் கூப்பிட்டார்கள். "என்ன சார் ஆச்சு?"

"ஏறிடுச்சு" என்றார். "பாத்தேன்."

இருபது வருஷத்தில் அவர் 'பார்த்தேன்' என்று சொன்னதில், உண்மையாகவே பார்த்துவிட்டுச் சொன்னது அது ஒன்றுதான்.

அன்று முதல் அவர் திருந்திவிட்டார் என்று முடித்தால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். என்ன செய்ய? அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சுற்றறிக்கை வெளிவந்தது. நாற்பத்து நான்கு விஷயங்கள். நாற்பத்து மூன்றாவது: 'ஆணையத்துக்கு அனுப்பும் விவரங்கள் பதிவேட்டில் ஏறியதா என்று நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. உரியவர் கவனிக்கவும்.' மேஜை மேஜையாக வந்தார். பதினோரு மணிக்குள் பதினோரு கையெழுத்தும் விழுந்தன. அறிவிப்பாளர் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, தாளைத் திருப்பி, பின்புறம் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போட்டார்.

சிரிக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று முகம்கூட ஞாபகத்துக்கு வந்திருக்கும். உங்கள் மைத்துனர் அச்சு அசல் இதே ஆள் என்றும் தோன்றியிருக்கும். இருக்கட்டும். உங்கள் வீட்டு மாடிப்படியில் ஒரு விளக்கு எரியவில்லையே, அது எத்தனை நாளாக? நேற்றுக்கூடச் சுவரைத் தடவிக்கொண்டுதானே இறங்கினீர்கள்? கடையைத் தாண்டித்தானே வந்தீர்கள்? ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் இப்போது உங்கள் வாயில் ஒரு பதில் எழுந்து வருகிறது பாருங்கள். "நான்தான் போன மாசமே வீட்டுல சொல்லிட்டேனே" என்று ஆரம்பிக்கிற பதில். அதை அப்படியே விழுங்கிவிட்டு எழுந்திருங்கள். ஏழாவது படி கொஞ்சம் உயரம் அதிகம். இருட்டில் யாராவது விழுந்து வைப்பார்கள்.

எதற்கும், உங்களிடம் சொல்லியாகிவிட்டது.